டப்பாவில் போன கப்பல்

வீடியோ கேம் கன்சோலைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்குப் பெரியவள் வீட்டில் இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு கூத்து நடந்திருக்காது.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மூன்று மாதத்துக்கு முன்னால், 'தரை ஈரம், கவனம்' என்று எழுதி நிறுத்தியிருந்த பலகையிலேயே தடுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் லேப்காரர், "சும்மா கிடந்தா பைத்தியம் பிடிச்சிடும்மா" என்று தன் வீட்டுக் கன்சோலைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரே ஒரு ஆட்டம்.

பழைய நீராவிக் கப்பல் ஒன்றை ஓட்டிக்கொண்டு போகிற ஆட்டம். திரை நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு பாதியில் ஒருவர் மேல்தளத்தில் நின்று சுக்கான் பிடிக்க வேண்டும். மறு பாதியில் மற்றவர் அடிவயிற்றில் நின்று அடுப்புக்குக் கரி அள்ளிப் போட வேண்டும். மேலே இருப்பவருக்குப் பாறை தெரியும், நீராவி எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. கீழே இருப்பவருக்கு நீராவி முள் தெரியும், பாறை தெரியாது. அடுத்தவர் பாதியை எட்டிப் பார்க்க இருவருக்கும் நேரம் இருக்காது. கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டுதான் ஏழு துறைமுகங்களைத் தாண்டிக் கடைசியில் பெருங்கடலைக் கடக்க வேண்டும்.

இரண்டு பேர் இல்லாமல் ஆட்டம் தொடங்கவே தொடங்காது. வீட்டில் இருந்தது அப்பாவும் சின்னவனும். அப்பா கன்ட்ரோலரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல சேனல் மாத்துற பட்டன் எது?" என்று கேட்டார். ஆகவே சின்னவன்.

சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். அவளைவிட நாலு வயது இளையவன். ஒரே வீட்டில் இருந்தாலும் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே பத்து வருஷமாகப் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சண்டையும் கிடையாது. 'சாவி எங்க', 'கேஸை மூடு', 'அப்பா மாத்திரை போட்டாச்சா'. அவ்வளவுதான். கப்பல் வந்ததும் கத்த வேண்டியதாயிற்று. கத்த ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை. மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை கப்பல்தான். மஞ்சள் வண்ணம் அடித்து, அவள் கால் நினைவாக அதற்கு 'நொண்டி' என்று பேர் வைத்தார்கள். கன்சோலில் தமிழ் எழுத்து வராததால் ஆங்கில எழுத்தில் வைத்தார்கள். அதற்கே அவன் ஒரு மணி நேரம் புலம்பினான்.

அவனுக்குக் கன்சோல் என்றாலே வேப்பங்காய். அவன் அறையில் அவனே ஒவ்வொரு பாகமாக வாங்கிக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. பக்கவாட்டுத் தகடு எப்போதும் கழற்றியே கிடக்கும். உள்ளே விசிறிகள் நீலமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

"டப்பாக்கா இது. சீல் வெச்ச டப்பா. ஸ்க்ரூகூட நம்ம ஸ்க்ரூடிரைவருக்குச் சேராது. திறந்தா வாரன்டி போச்சும்பான். எங்க வேலையிலயும் இதே கதை. இப்ப வர்ற லிஃப்ட்ல போர்டையே பூட்டி அனுப்புறான். எனக்குத் தெரியும் எந்த ரிலே போயிருக்குன்னு. தொடக் கூடாதாம். கம்பெனி ஆள் வந்துதான் தொடணுமாம். அவன் வர்றதுக்குள்ள ஒன்பதாவது மாடியில ஒருத்தர் உள்ள நின்னு சாமியைக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பாரு. என் கம்ப்யூட்டர், பிசி, அப்படியில்ல. கையை உள்ள விடலாம். எங்கப்பன் காலத்து ஆட்டத்தைக்கூட எப்படியாவது ஓட வெச்சிடலாம். எவனும் வந்து 'இதை இனிமே ஆட முடியாது'ன்னு சொல்ல முடியாது."

"நான் பட்டனை அழுத்துறேன், படம் வருது. எனக்கு அது போதும்டா" என்பாள் அவள். அவள் வேலை அப்படி. மேஜையில் விலா எலும்பு உடைந்து ஒருவர் முனகிக்கொண்டு படுத்திருக்கும்போது, எந்திரத்தின் உள்ளே கையை விட்டுப் பார்க்கிற ஆசை யாருக்கும் வராது.

உடைந்து உடைந்து மறுபடி தொடங்கியதையெல்லாம் கழித்தாலும், ஏழாவது துறைமுகம் வரை வந்து சேர இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் இரண்டு காரியம் ஒன்றாக வந்தன. வேறு தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு இரண்டு வருஷ வேலை உறுதியாகி, கிளம்பும் தேதி வந்தது. அதற்குப் பதினோரு நாள் இருக்கும்போது, லேப்காரரின் பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டார்கள். அவர் தயங்கித் தயங்கி கன்சோலைக் கேட்டார்.

"கொடுத்துடலாம்க்கா" என்றான் சின்னவன். "அதே ஆட்டம் பிசியிலயும் இருக்கு. நான் வாங்கிடறேன். நம்ம சேவ், அதான் இதுவரைக்கும் நாம ஆடி வெச்சது, எல்லாம் மேல ஏறி இருக்கும். அங்கேர்ந்து இங்க இறக்கிக்கலாம். ரெண்டு மானிட்டர் போடறேன், ஆளுக்கு ஒண்ணு. அப்ப தெரியும் உனக்கு, கடல்னா என்னன்னு."

"மேலன்னா எங்கடா?"

"க்ளவுட்ல. நெட்ல ஏத்தி வெக்கிற இடம்."

"மேகம்தானே?" என்றார் அப்பா, செய்தித்தாளை இறக்காமல். "மழை பேஞ்சா வந்துரும், விடு."

அவள் டியூட்டியில் இருந்த நேரத்தில் லேப்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே சின்னவன் பிசியில் ஆட்டத்தை இறக்கித் திறந்தான். 'புதிய பயணம்' என்று மட்டும் இருந்தது. தொடர்வதற்கு ஒன்றும் இல்லை.

"ரெண்டு நிமிஷம்" என்றான்.

சின்னவனின் ரெண்டு நிமிஷத்தை அந்த வீட்டில் யாரும் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடுவதில்லை. அவள் அவன் கட்டிலின் ஓரத்தில், பிசிக்கென்று அவன் வாங்கி வைத்திருந்த கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு ஆறரை வரை உட்கார்ந்தாள். ஏழு வரை உட்கார்ந்தாள். அவன் ஏதோ ஒரு இணைய மன்றத்தில் யாரோ ஒருவன் எழுதியதைப் படித்தான், அதற்கு இன்னொருவன் எழுதியதைப் படித்தான், 'ம்ம்' என்றான், வீடியோ கார்டுக்கு அப்டேட் போட்டான். ஏழே முக்காலுக்கு எழுந்து போய்த் துணி மடித்தாள்.

மறுநாளும் அதே. மூன்றாம் நாள் அவளுக்குப் பொறுமை போனது.

"லேப்காரர் வீட்டுக்கே போயி ஆடிட்டு வந்துடலாம்டா. ஒரு மணி நேரம். அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காது மட்டும் சிவந்தது. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நிற்கும்போதும் அப்படித்தான் சிவக்கும்.

"அங்கயும் இல்ல."

"எது இல்ல?"

"சேவ். அதுல இடம் இல்ல, பசங்க ஆட்டம் போடணும், உங்களுது அழிச்சிடலாமான்னு கேட்டாரு. நான்தான் தாராளமா அழிங்கன்னேன். எல்லாம் மேல ஏறிடுச்சுன்னு நினைச்சேன்."

"நினைச்சியா? பாக்கலையா?"

"பிசியில எப்பவும் அதுவா ஏறிடும்க்கா. டப்பாவுல அதுக்குத் தனியா மாசாமாசம் சந்தா கட்டணுமாம். அவர் கட்டல. எவன் இப்படி வெப்பான்? ஏறி இருந்தாலும் பிசிக்குள்ள அது வராது. டப்பா பைல் வேற, பிசி பைல் வேற."

அதாவது, பிசிக்காரன் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பை அவன் செய்திருந்தான். கன்சோலையே வாழ்க்கையாக வைத்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைகூட அழிப்பதற்கு முன் நாலு தடவை யோசித்திருக்கும். இவனுக்கு எல்லாம் தெரியும். அதனால் பார்க்கவில்லை.

அவளுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது.

"இருபத்தாறு மணி நேரம்டா, எருமை."

"தெரியும்."

"மூணு நாளா என்னை இங்க உக்கார வெச்சிக்கிட்டு, தெரிஞ்சும் தெரியாத மாதிரி..."

"வழி கிடைக்கும்னு பார்த்தேன்."

அவள் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். ஒன்பது நாள் பாக்கி இருந்தது. "சரி. போனது போச்சு. புதுசா ஆரம்பிப்போம். எதுவரைக்கும் போறமோ அதுவரைக்கும் போவோம்."

"அரைகுறையாவா? நீ ரெண்டாவது துறைமுகத்துல விட்டுட்டு பிளைட் ஏறுவ. வேணாம்க்கா. நான் கொண்டு வரேன்."

நான்காம் நாள் கொண்டுவந்தான். முன்பின் தெரியாத யாரோ ஒருவன் தன்னுடைய சேவ் பைலை இணையத்தில் போட்டிருந்தான். ஏழாவது துறைமுகம், அதே இடம். திறந்து காட்டினான். கறுப்புக் கப்பல். முகப்பில் மண்டை ஓடு. மேல்தளம் முழுக்கப் பீரங்கி. ஒரு கீறல் கிடையாது.

"இது யார் வீட்டுக் கப்பல்?"

"யாரோ ஒருத்தன். கப்பல்தானே? கலரை மாத்திடலாம். மண்டை ஓட்டையும் எடுத்துடலாம். பிசியில அதெல்லாம்..."

"மூணாவது துறைமுகத்துல நான் பாலத்துல இடிச்ச இடம் எங்க?"

"அதெல்லாம் எப்படிக்கா வரும்?"

"அப்ப இது எங்கிட்ட எதுக்கு?" என்று கன்ட்ரோலரைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். வந்த பிறகு, கொஞ்சம் அதிகம்தான் என்று பட்டது. திரும்பிப் போகவில்லை.

அதற்கு மறுநாளிலிருந்து அவன் அறைக் கதவு சாத்தியே இருந்தது. வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறான் என்று அப்பா மூலம்தான் தெரிந்தது. உள்ளே விசிறி இரைந்தது, விசைப்பலகை கடகடத்தது. சாப்பாட்டைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கதவைத் தட்டினால், "இன்னிக்கு வேணாம்க்கா, இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று குரல் மட்டும் வரும்.

அவள் பெட்டி கட்டினாள். எடை பார்த்தாள். பிரித்தாள். மறுபடி கட்டினாள். காலியாகக் கிடந்த டிவியின் முன் உட்கார்ந்து அப்பாவோடு செய்தி பார்த்தாள். செய்தியில் வந்த எல்லாரையும் அப்பா திட்டினார்.

"அவன் உள்ள என்னதான் பண்றான்?" என்றாள்.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்மா. மாட்டிக்கிட்டவங்க உள்ளதான் இருக்காங்க, நாம பேச்சுக் கொடுப்போம்னு தோணுமா அவனுக்கு? நேரா மோட்டார் ரூமுக்குத்தான் போவான்."

அப்பா சொன்னது சரிதான் என்பதே அவளுக்கு எரிச்சலைக் கூட்டியது. அந்த அறையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தால் என்ன என்று ஒரு கணம் யோசித்தாள். பத்து வருஷத்துக்குச் சேர்த்து வைத்த பேச்சு, இரண்டு மாதத்தில் வந்து, இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. யாரிடம் போய்ச் சொல்வது? ஆஸ்பத்திரியில் சொன்னால், முப்பத்தைந்து வயதில் வீடியோ கேமுக்கு அழுகிறாள் என்பார்கள். லேப்காரரிடம் சொல்லலாம். அவர் மன்னிப்புக் கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்தது.

"வா."

அவன் கண் இரண்டும் சிவந்து, முகத்தில் ஒரு வாரத் தாடி. அறையில் குளிக்காத வாடை. மேஜையில் இரண்டு மானிட்டரும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே கப்பலை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதியாகப் போட்டிருந்தான். இடப்பக்கத் திரையில் மஞ்சள் கப்பல் நின்றது. பக்கவாட்டில் 'நொண்டி' என்று தமிழிலேயே எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே, பாலத்தில் இடித்த நசுங்கல். புகைபோக்கியில் அவன் முன்பொரு நாள் அடுப்பை அளவுக்கு மீறி எரியவிட்டதால் வந்த கரி. ஐந்தாவது துறைமுகத்தில் சும்மா வாங்கி மாட்டிய மணி.

"எப்படிடா?"

"ஆட்டத்துக்கு ரெண்டு பேரு வேணும். ரெண்டு பேர்னு அதுக்கு எப்படித் தெரியும்? வலது கையில கன்ட்ரோலர், இடது கையில கீபோர்டு. ரெண்டு பேருன்னு நம்பிடுச்சு. நீ இடிச்ச எடத்துல நானும் போயி இடிச்சேன். மொதத் தடவை நசுங்கல் தப்பான பக்கம் விழுந்துருச்சு, திரும்ப ஆரம்பத்துலேர்ந்து வந்தேன். கடைசிக் கடலை மட்டும் தொடலை. சத்தியமா."

அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்து, பாராட்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தான்.

"அப்ப இந்த ஒரு வாரமா, உள்ள கதவைச் சாத்திக்கிட்டு, தனியா என்கூட விளையாடியிருக்க."

சிரிப்பு நின்றது. "பழைய கப்பல்தானே வேணும்னு சொன்ன?"

"எனக்கு சாயங்காலம் வேணும்டா, மடையா. ஆறு மணி. ஆறு மணிக்கு வந்து வந்து கதவைத் தட்டிட்டுப் போனேனே, எதுக்கு? சுண்டல் விக்கவா?"

"நீ சொல்லவே இல்லையே."

உண்மைதான். சொல்லவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தாள். "தள்ளு. ஆரம்பி."

முதல் தடவை கப்பல் நாலு நிமிஷத்தில் பாறையில் ஏறி உடைந்தது. இரண்டாவது தடவை ஆறு நிமிஷம். காரணம் கடல் இல்லை. அவன்.

"இடது இடது இடது. இப்ப திருப்பு. அய்யோ, முன்னாடியே திருப்பியிருக்கணும்."

"நான்தானே ஓட்டுறேன்?"

"ஓட்டு, ஓட்டு. சுக்கான் திரும்ப அரை செகண்டு எடுக்கும்க்கா, அதான் சொல்றேன். அலைக்கு நேரா வை. நேரான்னா நேரா இல்ல, லேசா..."

ஒரு வாரம் இரண்டு கையாலும் ஓட்டியவனுக்கு இப்போது ஒரு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. தன் அடுப்பைப் பார்க்காமல் அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரி போடவேண்டிய நேரத்தில் சுக்கானுக்குப் பாடம் நடத்தினான். நீராவி இறங்கி, அலை வந்து, கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தது. மூன்றாவது தடவை. நான்காவது தடவை.

"அடுப்பைப் பாருடா!"

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். நீ அந்தப் பாறையை..."

அவள் எழுந்தாள். தன் பக்கத்து மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து, ஒயரோடு சேர்த்து, அவனுக்கு முதுகு காட்டும்படி முழுசாகத் திருப்பி வைத்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ற?"

"கடல் எனக்கு. அடுப்பு உனக்கு. இனிமே பாறை பத்தி ஒரு வார்த்தை பேசின, பெட்டியைத் தூக்கிக்கிட்டு இப்பவே போயிடுவேன்."

"எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"தெரிய வேணாம். கேளு."

ஐந்தாவது தடவை அவன் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சில நொடி பொறுத்து, "எவ்வளவு வேணும்?" என்றான். கேட்ட விதத்தில் பயம் இருந்தது.

"போடு. இன்னும். போதும், நிறுத்து. அப்படியே பிடி. பிடி. விடு."

எக்ஸ்ரே அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற குரல் அது. உரக்கக் கத்த வேண்டியதில்லை. அவர்கள் மூச்சைப் பிடிப்பார்கள். அவனும் பிடித்தான். அரை மணி நேரம் இருவரும் வேறு எதுவும் பேசவில்லை. "கூட்டு." "எவ்வளவு?" "ரெண்டு கை." "போட்டாச்சு." "பெரிசு ஒண்ணு வருது, தயாரா இரு." "சரி." ஒரு இடத்தில் நொண்டியின் அடித்தளம் உரசுகிற சத்தம் கேட்டது. அவன் வாயைத் திறந்தான். மூடினான். கரி போட்டான்.

ஏழே காலுக்குக் கரை தெரிந்தது. கப்பல் போய் நின்றது. பாட்டு ஒன்று ஒலித்தது. ஒரு கிழவர் வந்து கயிற்றை வாங்கிக் கட்டினார். திரை இருண்டு, ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்கள் மேலே ஏற ஆரம்பித்தன. மொத்தம் நாற்பது நொடி.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"கஞ்சப் பசங்க" என்றான் அவன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா? யாரு ஜெயிச்சது?"

"யாரும் இல்லப்பா. கரைக்கு வந்துட்டோம்."

"அதுக்கா மூணு மாசமா இவ்வளவு சத்தம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

மானிட்டர்களுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவரும் பெயர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

"அங்க போயி சம்பளம் வந்ததும் ஒண்ணு வாங்கணும். ஆட்டம் வேற ஏதாவது. தூரத்துலேர்ந்து ஆடுற மாதிரி."

"நான் லிஸ்ட் தரேன். எந்த போர்டு, எந்த கார்டுன்னு எழுதித் தரேன். வீடியோ கால்ல வா, நான் சொல்லச் சொல்ல நீ மாட்டிடலாம். ரெண்டு நாள் வேலை."

"நான் டப்பாதான் வாங்குவேன்."

"அக்கா!"

"பட்டனை அழுத்தினா வரணும். பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து உன் போர்டை எவ மாட்டுவா?"

"டப்பாவும் பிசியும் நிறைய ஆட்டத்துல ஒண்ணோட ஒண்ணு பேசாதுக்கா. நீ அதுல இருப்ப, நான் இதுல இருப்பேன், அவ்வளவுதான்."

"ஒரே வீட்டுல பத்து வருஷம் அப்படித்தானே இருந்தோம்."

அவன் தாடியைச் சொறிந்தான். நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினான். பிறகு அவள் பயந்துகொண்டிருந்த காரியம் நடந்தது. அவன் கை மெல்ல விசைப்பலகைப் பக்கம் போனது. "பேச வைக்க வழி இருக்குன்னு ஒருத்தன் எங்கயோ எழுதியிருந்தான்" என்றான். ஏதோ தேட ஆரம்பித்தான்.

"டேய். நாளைக்குக் காலையில நான் கிளம்பறேன்."

"தெரியும், தெரியும். இதை மட்டும் பார்த்துடறேன்."

அவள் மேஜையைச் சுற்றி வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பினாள். எழுந்தவன் கண் இன்னும் திரையில்தான் இருந்தது. அப்படியே இழுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், பெட்டி மேல் உட்கார வைத்தாள். ஜிப் மூடாமல் கிடந்தது அது. அவன் கனத்தில்தான் மூடியது.

"இங்கயே உக்காரு" என்றாள். "எட்டு மணி வரைக்கும்."

"என்ன பண்றது?"

"பேசு."

"என்ன பேசறது?"

"எனக்கு என்னடா தெரியும்? அந்த ஒன்பதாவது மாடி ஆள் என்ன ஆனான்னு சொல்லு."